லெஷெக்கின் கடைசித் தவணை

லெஷெக் எனக்கு இருபத்திரண்டாயிரம் ஸ்லோத்தி தர வேண்டியிருந்தது. அவன் என் மகள் யுஸ்தினாவின் கணவன். பணம் கொடுத்தபோது நான் எதுவும் எழுதி வாங்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஒற்றை ஏணியும் இரண்டு சுத்தியலும்தான் என் முதல். இன்றைக்கு லிமனோவாவில் மழை பெய்தால், பாதி வீடுகளில் அது என் கிடங்கிலிருந்து போன கூரைத் தகட்டின் மேல்தான் விழுகிறது. அந்தத் தகடு ஒவ்வொன்றுக்கும் உரிய காசு என் உள்ளங்கையில் எண்ணி வைக்கப்பட்டது. வங்கியில் போட்டுவிடுகிறேன் என்று சொன்னவனிடம், "அப்ப கூரையையும் பேங்க்லயே வாங்கிக்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். மேசையில் வைத்துவிட்டுப் போன பணம் என்னைப் பொறுத்தவரை பணமே இல்லை. கொடுக்கிறவன் எண்ண வேண்டும், நான் கையை நீட்ட வேண்டும். அப்போதுதான் கடன் கழிந்தது. ஊருக்கே தெரிந்த விதி இது. என் மகள் இந்த விதியைக் கேட்டே வளர்ந்தவள்.

லெஷெக் எங்கள் மலைப்பக்கத்து ஆள் இல்லை. வடகிழக்கு மூலையில், ஏரிகள் நடுவே, ரயில்வே கேட் திறந்து மூடுகிறவரின் ஐந்து பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. பனிச்சறுக்கு மலையில் தொங்கு நாற்காலிகளுக்கு வெல்டிங் வைக்க வந்தவன், எங்கள் ஊர் ரொட்டிக் கடை வரிசையில் யுஸ்தினாவுக்குப் பின்னால் நின்றான். அப்படியே தங்கிவிட்டான். சும்மா இருக்கத் தெரியாத கைகள் அவனுக்கு. கல்யாணத்தன்று விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே, இழுத்துக்கொண்டு நின்ற மண்டபத்துக் கதவின் கீலைக் கழற்றிச் சரிசெய்தவன். பெண் வீட்டார் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இவன் பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தேன்.

பிறகு சொந்தமாகத் தொழில் செய்ய ஆசைப்பட்டான். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றிச் செல்ல ஒரு பழைய வேன் வாங்கினான். பணம் என்னுடையது. முதல் குளிர்காலத்திலேயே ஒரு மலையேற்றத்தில், யாரோ ஒருவருடைய பியானோ பின்னால் இருக்க, என்ஜின் இறுகி நின்றுவிட்டது. விற்றவன் ஊரிலேயே இல்லை. வேன் இரும்பு விலைக்குப் போயிற்று. அவன் விற்றவனையும் திட்டவில்லை, பனியையும் திட்டவில்லை. என் கிடங்குக்கு வந்து நின்று, "மாசாமாசம் தர்றேன் மாமா" என்றான், அவ்வளவுதான். பகலில் மர அறுவை ஆலையில் வேலை, மாலையில் ஊரார் வீட்டு இரும்புக் கதவுகள். ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை கிடங்குக்கு வருவான், எண்ணி என் கையில் வைப்பான், போவான். நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டான்.

அவர்கள் என் வீட்டு மாடியில் குடியிருந்தார்கள். காயாவுக்கு ஒன்பது வயது, இக்னாஷுக்கு ஆறு. காலையில் அந்தப் பிள்ளைகளின் பாதங்கள் என் தலைக்கு மேல் ஓடுகிற சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன்.

இந்த நிலையில்தான் கடான்ஸ்க் துறைமுகத்திலிருந்து அவனுடைய பழைய சிநேகிதன் கூப்பிட்டான். கப்பல் பட்டறையில் வெல்டர்களுக்கு மேற்பார்வை, தங்க வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே. வருகிறானா இல்லையா என்று திங்கட்கிழமை காலை சொல்லிவிட வேண்டும், வரிசையில் இன்னொருவன் நிற்கிறான். கடான்ஸ்க் என்றால் நாட்டின் அந்தக் கோடி. யுஸ்தினா என் முன்னாலேயே அவனிடம் சொன்னாள்: "அப்பா கையில கடைசி நோட்டு விழாம நான் இந்த வீட்ட விட்டு வரமாட்டேன். கடனோட ஓடிப்போனா எனக்கு மூஞ்சி இருக்காது." பாக்கி மூவாயிரத்து இருநூறு. லெஷெக் தன் மோட்டார் சைக்கிளை விற்றான்.

நான் அன்றைக்கே கணக்குப் போட்டுவிட்டேன். தள்ளுபடி செய்தாலும் போய்விடுவார்கள், வாங்கிக்கொண்டாலும் போய்விடுவார்கள். திங்கள் காலைவரை என் கை விரியாமல் இருந்தால் போதும். என் விதி, என் கை. மே மாதத்தில் காயா தேவாலயத்தில் முதல் நற்கருணை வாங்கியபோது, பரிசாகச் சைக்கிளுக்குப் பதில் கிராக்கோவ் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். அந்தச் சனி ஞாயிறுக்கே ஏற்பாடு செய்தேன். எல்லாச் செலவும் என்னுடையது என்று சத்தமாகவே அறிவித்தேன். ஓடிக்கொண்டே இருக்கிறவன் கையில் யாரும் பணம் எண்ண முடியாது.

சனிக்கிழமை காலை நான் கதவைத் திறந்தபோதே லெஷெக் வெளியே உறையோடு நின்றான்.

"மாமா, ஒரு நிமிஷம்."

"வாசப்படிக்கு மேல கைய நீட்டாத. கை குலுக்கவே கூடாது, இதுல பணம் வேறயா?"

அவன் உள்ளே வந்தான். நான் வெளியே போனேன். அவன் வெளியே வந்தபோது எனக்குத் தொப்பி ஞாபகம் வந்து உள்ளே போனேன். மறந்ததை எடுக்கத் திரும்பி வந்தால் உட்கார்ந்து பத்து எண்ணிவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் பயணம் கெடும். பிள்ளைகள் ஓடிவந்து என் இரண்டு பக்கமும் உட்கார்ந்து சேர்ந்து எண்ணினார்கள். அதற்குள் யுஸ்தினா காரில் ஹாரன் அடிக்க ஆரம்பித்தாள்.

காரை நானே ஓட்டினேன். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். லெஷெக் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் கைப்பிடியைத் திருகிக்கொண்டே வந்தான்.

"எங்கயாவது நிறுத்துங்க மாமா, ஒரு காபி குடிக்கலாம்."

"நேரமாச்சுன்னா வண்டி நிறுத்த எடம் கெடைக்காது."

"மணி எட்டுகூட ஆகல."

"கிராக்கோவ பத்தி எனக்கு நீ சொல்றியா? அங்க மடாலத்துக்குக் கூரை போட்டவன் நான்."

போட்டது உண்மைதான். மடாலத்தின் கோழிக் கொட்டகைக்கு.

கிராக்கோவில், வாவெல் குன்றின் அடியில் நிற்கிற உலோக டிராகன் சிலை முன்னால் ஒரே கூட்டம். அது நெருப்பு கக்குவதற்காக இக்னாஷ் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தான். கக்கியதும், "இன்னொரு தடவ" என்றான். லெஷெக்குக்கு நெருப்பில் அக்கறை இல்லை. பின்பக்கம் போய், குனிந்து, அதன் கால் விரல்களுக்கு நடுவில் ஒட்டியிருந்த இடங்களைத் தடவிப் பார்த்தான்.

"ஒட்டு போட்டவன் கெட்டிக்காரன் மாமா. இத்தன வருஷம் மழையில நிக்குது, பாருங்க."

நான் போய்ப் பார்த்தேன். தகட்டு வேலை என்றால் என்னால் பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் கை சட்டைப் பைக்குள் போவது தெரிந்தது. உடனே காயாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றோரமாக நடக்க ஆரம்பித்தேன்.

"தாத்தா, ஏன் ஓடறோம்?"

"நடக்கறோம்."

"உங்களுக்கு நடை. எனக்கு ஓட்டம்."

அன்று முழுவதும் அப்படித்தான். எள் தூவிய வளைய ரொட்டி வாங்கி நடந்துகொண்டே தின்றோம். எந்தப் பெஞ்சிலும் நான் உட்காரவில்லை. சந்தைச் சதுக்கத்தில் கோபுரத்து மேலிருந்து எக்காளம் ஊதினார்கள். ராகம் அந்த ஊர் வழக்கப்படி நடுவிலேயே அறுந்தது. காயா ஊதுகிறவருக்குக் கையாட்டினாள். இக்னாஷ், "முடிக்கவே இல்லயே" என்று அழுதான். லெஷெக் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு, "அடுத்த மணிக்கும் முடிக்க மாட்டாங்கடா, வா" என்றான். லெஷெக்கின் முகம் வெளுத்திருந்தது. இரண்டு நாளாக நல்ல தூக்கம் இல்லை என்று யுஸ்தினா சொல்லியிருந்தாள். எனக்கு மட்டும் என்ன, தூக்கமா வந்தது?

மதியம் ஒரு நல்ல சாப்பாட்டுக் கடை. முட்டை போட்ட புளிமாவு சூப், வாத்து வறுவல், பிள்ளைகளுக்குத் தயிர்ப்பாலாடை அடைத்த கொழுக்கட்டை. எங்களவர்களுக்கு ஒரு பேச்சு உண்டு: அடகு வைத்தாவது விருந்தைக் குறைவில்லாமல் வை. நான் மெனு அட்டையின் வலது பக்கத்தை, விலை இருக்கிற பக்கத்தை, பார்க்கிற ஆள் இல்லை. தட்டுகள் போனதும் லெஷெக் உறையை எடுத்து மேசை விளிம்பில் வைத்தான்.

"மாமா, இப்ப உக்காந்துதானே இருக்கோம்."

"சாப்பாட்டு மேசையில பணம் எண்ணினா வீட்ல ரொட்டி கொறையும். எங்கம்மா சொல்லுவா."

"உங்கம்மா நெறைய சொல்லியிருக்காங்க" என்றாள் யுஸ்தினா.

பில் வந்தது. லெஷெக், "இதயாவது நான் குடுக்கறேன்" என்று தன் பர்ஸை எடுத்தான்.

"கடன்காரன் காசுல நான் சாப்பிடறதா? உள்ள வையி."

சொல்லிவிட்டு, பரிமாறிய பையனுக்கு ஐம்பது ஸ்லோத்தி அதிகமாகவே வைத்தேன். யுஸ்தினா முள்கரண்டியைத் தட்டில் வைத்த சத்தம் பக்கத்து மேசைவரை கேட்டிருக்கும். லெஷெக் உறையை மடித்துப் பைக்குள் வைத்தான். மேசையின் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. குனிந்து, ஒரு அட்டைத் துண்டை மடித்து அதன் அடியில் செருகினான்.

நான் விடவில்லை. படகு, பொம்மைக் கடை, காயாவுக்குப் பவளமணி மாலை, இக்னாஷுக்கு மர வாள், யுஸ்தினாவுக்கு வேண்டாம் வேண்டாம் என்றாலும் ஒரு சால்வை. தாளுக்கு மேல் தாளாக எடுத்துப் போட்டேன். பணப்பை தடியாக இருக்கும்வரை மனிதனுக்கு முதுகு வளையாது.

தங்கியது ஆற்றுக்கு அந்தப்பக்கம், ஒரு சின்ன விடுதியில். அறை வாடகை முழுவதையும் நானே முன்கூட்டிக் கட்டியிருந்தேன். சூரியன் இறங்கிய பிறகு லெஷெக் என் அறை வாசலுக்கு வந்தான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே நான், "பொழுது போனப்புறம் பணம் கை மாறக் கூடாது" என்றேன். அவன் வாசல் சட்டத்தில் கையை ஊன்றிக்கொண்டான்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழம, மாமா. நாளன்னிக்குக் காலைல எட்டு மணிக்கு நான் ஃபோன் பண்ணணும்."

"பண்ணேன். நானா தடுக்கறேன்?"

அவன் போனதும் யுஸ்தினா வந்தாள். கதவைச் சாத்திவிட்டு, வந்தவள் உட்காரவில்லை.

"அப்பா, திங்கக்கெழம தாண்டட்டும்னு பாக்கறீங்க."

"நான் என்னத்தப் பாக்கறேன்? சூரியன் எறங்கினது என் குத்தமா?"

"கையில எண்ணணும்ங்கறது நான் வெச்ச விதி இல்ல. நீங்க வெச்சது. அத மதிச்சுத்தான் அவரு மூணு வருஷமா எண்ணிக் குடுத்தாரு."

"கடான்ஸ்க்ல என்ன இருக்கு? காத்து அடிக்கும். கடல் நாறும்."

"ஒரு நாற்காலி இருக்கு அப்பா. உங்க கெடங்குல அவரு ஒரு நாளாவது உக்காந்து பாத்திருக்கீங்களா?"

"நான் போடாமலா இருந்தேன்? ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் போட்டேன்."

"கடன்காரன் உக்கார மாட்டான்" என்றாள். "இன்னிக்கு நீங்க எல்லார் முன்னாலயும் சொன்னீங்களே, அந்தக் கடன்காரன். இக்னாஷ் ராத்திரி சாப்பாட்டுல கேக்கறான், கடன்காரன்னா திருடனா அம்மான்னு."

அவள் போய்விட்டாள். நான் ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடந்தேன். கட்டிலின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. லெஷெக்கைக் கூப்பிட்டால் ஐந்து நிமிஷத்தில் சரிசெய்திருப்பான். கூப்பிடவில்லை.

ஞாயிறு காலை பூசைக்குப் போனோம். காணிக்கைத் தட்டு வந்தபோது, முன்வரிசையில் இருந்தவர்கள் சில்லறை போட்டார்கள். நான் இருநூறு ஸ்லோத்தித் தாளை மடிக்காமல் போட்டேன். வெளியே, படிகளில் இறங்கியதும் லெஷெக் என் முன்னால் வந்து நின்றான். வானம் திறந்திருந்தது. கூரையில்லை, மேசையில்லை, வாசல் தாண்டியாயிற்று, வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்குச் சட்டென்று சாக்கு எதுவும் கிடைக்கவில்லை.

"ஆண்டவர் நாள்ல வரவு செலவு வெச்சுக்கறதில்ல" என்றேன்.

காயா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தட்டுல போட்டது செலவு இல்லயா தாத்தா?"

லெஷெக் சிரித்துவிட்டான். அந்த இரண்டு நாளில் அவன் சிரித்தது அது ஒன்றுதான். எனக்குக் காது சுட்டது. சுற்றிப் பார்த்தேன். சதுக்கத்து ஓரத்தில் குதிரை வண்டிகள் வரிசையாக நின்றன.

"வண்டி ஏறலாம் வாங்க" என்றேன்.

பிள்ளைகள் பறந்தார்கள். வண்டிக்காரி இளம்பெண், வட்டத் தொப்பி போட்டிருந்தாள். இரண்டு வெள்ளைக் குதிரைகள்.

"சின்ன சுத்தா, பெரிய சுத்தா ஐயா?"

"இருக்கறதுலயே பெருசு."

"வெல வந்து..."

"வெல கேட்டு ஏறற ஆள் இல்லம்மா நான். ஓட்டு."

வாவெல்வரை போய், பழைய யூதர் தெருக்களைச் சுற்றி, மதில் ஓரத் தோட்டம் வழியாகத் திரும்பினோம். இக்னாஷ் மர வாளால் காற்றை வெட்டிக்கொண்டு வந்தான். காயா ராணி மாதிரித் தெருவில் போகிறவர்களுக்குத் தலையாட்டினாள். எதிர்ப் பலகையில் லெஷெக்கும் யுஸ்தினாவும். என்னைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள், எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. லெஷெக்கின் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. அது நிற்கிற மாதிரித் தெரியவில்லை. ஊருக்குத் திரும்ப எத்தனை நேரம், எங்கே நிறுத்துவது, எங்கே நிறுத்தாமல் போவது என்று என் மனம் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போவதற்குள் இருட்டிவிட்டால் ஜெயம்.

வண்டி நின்றது. வண்டிக்காரி இறங்கி, கையுறையைக் கழற்றினாள்.

"அறுநூறு ஐயா."

நான் பணப்பையைத் திறந்தேன். ஒரு நூறு இருந்தது, ஒரு இருபது இருந்தது. பையின் மற்ற அறையைப் பிரித்தேன். மாதாவின் படம் இருந்தது. சட்டைப்பை, கால்சட்டைப்பை, கோட்டின் உள்பை. பார்க்கிங் சீட்டு. வாத்து வறுவல், படகு, மாலை, வாள், சால்வை, தட்டில் போட்டது, எல்லாம் வரிசையாக என் கண்முன் போயின. எழுபத்தொரு வயதுக்குள் ஒரு விலைக்கு முன்னால் என் கை வெறுமையாக நின்றது அதுதான் முதல் தடவை.

"கார்டு இருக்கா அப்பா?" என்றாள் யுஸ்தினா, என்னிடம் கார்டு கிடையாது என்று தெரிந்தே. தன்னுடையதை எடுத்தாள்.

"மெஷின் இன்னிக்கு வேல செய்யல அக்கா" என்றாள் வண்டிக்காரி. "கையில குடுத்தாத்தான்." பின்னால் அடுத்த குடும்பம் ஏறுவதற்குக் காத்திருந்தது. ஒரு குதிரை குளம்பால் கல்லைத் தட்டியது.

"இருங்க, பாத்துக்கறேன்" என்று நான் நான்காம் தடவையாக உள்பையைத் தடவினேன்.

லெஷெக் வண்டியிலிருந்து இறங்கி என் முன்னால் வந்தான். உறையைக் கையில் எடுத்தான். வண்டிக்காரியின் பக்கம் அவன் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால், அவனே கொடுத்துத் தீர்த்திருந்தால், அந்தச் சதுக்கத்தில் நான் செத்திருப்பேன். அது அவனுக்குத் தெரிந்திருந்தது.

"கடன்காரன் காசுல நீங்க வண்டி ஏற மாட்டீங்க மாமா" என்றான், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "நான் குடுக்கல. இது உங்க பணம். வாங்கி நீங்க குடுங்க."

காயா வாயைத் திறந்தாள். யுஸ்தினா அவள் தோளைப் பிடித்தாள்.

நான் கோபுரத்தைப் பார்த்தேன், குதிரையைப் பார்த்தேன். சொல்ல என்னிடம் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். அம்மா எவ்வளவோ சொல்லியிருந்தாள், இதற்கு ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. வண்டிக்காரி, "ஐயா, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க" என்றாள்.

நான் கையை நீட்டினேன்.

லெஷெக் எண்ணத் தொடங்கினான். எப்போதும் எண்ணுகிற மாதிரிதான், ஒவ்வொரு நூறையும் தனியாகப் பிரித்து, விளிம்பை விரலால் தட்டி, என் உள்ளங்கையில் படிய வைத்து. பத்து. பதினைந்து. அவன் கையில் ஒரு பழைய தீக்காயம் இருந்தது, கட்டைவிரல் அடியில். இத்தனை மாதமும் அதை நான் பார்க்கவில்லை. இருபத்தேழு வந்தபோது நான், "நிறுத்து" என்றேன்.

"என்ன மாமா?"

"எண்ணிக்க தவறிப்போச்சு. மொதல்லேருந்து எண்ணு."

யுஸ்தினா, "அப்பா" என்றாள்.

"என் விதி. தவறினா மொதல்லேருந்து."

லெஷெக் என்னைப் பார்த்தான். கோபப்படவில்லை. என் கையிலிருந்த நோட்டுகளை எடுத்துச் சேர்த்து, ஓரம் சமமாகத் தட்டி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான். இந்த முறை இன்னும் மெதுவாக எண்ணினான். எனக்காகத்தான் மெதுவாக எண்ணினான் என்று நான் நினைக்கிறேன். பின்னால் நின்ற குடும்பத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். முப்பது, என்றான். முப்பத்தொண்ணு. கடைசி நூறை வைக்கும்போது என் விரல்கள் தாமாக மடங்கப் பார்த்தன. அவன் இடது கையை என் கைக்கு அடியில் கொடுத்து, மடங்காமல் தாங்கிக்கொண்டு, அந்தத் தாளையும் வைத்தான்.